தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடுதல்

1976-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய வைக்கிங்-1 என்னும் அமெரிக்க யந்திரம், தொண்ணூறு நாள் வேலைக்கென்று திட்டமிடப்பட்டது. ஆனால் அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1982 நவம்பரில், அதன் பாட்டரிகள் வலுவிழந்து வருவதைக் கண்ட பொறியியலார், அவற்றுக்கு மின்னேற்றும் முறையைத் திருத்தும் பொருட்டுப் புதிய கட்டளைத் தொகுதி ஒன்றைப் பூமியிலிருந்து அனுப்பினர். கட்டளை செவ்வனே போய்ச் சேர்ந்தது. யந்திரமும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அத்தொகுதி கம்ப்யூட்டரின் நினைவகத்தில் போய் அமர்ந்த இடம், ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பி வைப்பதற்கான விவரங்கள் இருந்த இடம். அவ்விவரங்கள் அழிந்தன. ஆண்டெனா எத்திசை நோக்க வேண்டும் என்பதை யந்திரம் மறந்தது. பிறகு செய்த முயற்சிகள் எவையும் பலிக்கவில்லை. பாட்டரியைக் காக்கச் சென்ற கட்டளை பேச்சையே நிறுத்திவிட்டது.

இந்நிகழ்ச்சியில் எந்தப் பொருளும் உடையவில்லை. எந்தக் கம்பியும் அறவில்லை. அனுப்பியவர்கள் அனுபவமில்லாதவர்களும் அல்லர். தவறு வேறோரிடத்தில் இருந்தது. கையால் தொட முடியாத தூரத்திலுள்ள கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும்போது, நம் கட்டளை செல்லும் வழியும் அதே கம்ப்யூட்டரின் அமைப்பில் ஒரு பகுதியாகவே இருக்கிறது. ஒன்றைத் திருத்தும் கை மற்றொன்றைக் கலைத்துவிடக்கூடும். எதிரே உட்கார்ந்து உபயோகிக்கும் யந்திரத்துக்கு இந்த அபாயம் இல்லை. திரை இருண்டுபோனாலும் கீ-போர்டு கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது.

இத்தகைய விபத்து நேர விண்வெளிக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஓர் ஆற்றின் தலைப்பகுதியில், மலைச் சரிவில் நிறுவப்பட்ட தானியங்கி மழைமானி நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயிலிலிருந்து மின்சாரம் தரும் தகடு, ஒரு பாட்டரி, மழையின் அளவைக் குறித்துவைக்கும் டேட்டா லாகர் என்னும் சிறு கம்ப்யூட்டர், ஸிம் கார்டு பொருத்திய மோடம் ஆகியவையே அதன் உடைமை. கீழே, மாவட்டத் தலைநகரிலுள்ள அலுவலர் தம் மேஜையிலிருந்தே அதன் கடிகாரத்தைத் திருத்தலாம், மணிக்கு ஒரு முறை செய்தி அனுப்புவதைக் கால் மணிக்கு ஒரு முறை என்று மாற்றலாம், பாஸ்வேர்டைப் புதுப்பிக்கலாம். இவ்வமைப்புக் குறிப்புகளையே செட்டிங்குகள் என்று யாவரும் வழங்குகின்றனர். மழைக்காலத்தில் அந்நிலையம் பேசாமற்போனால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வெள்ள எச்சரிக்கை விடுவோருக்கு ஒரு கண் குறைந்ததாகும். ஓடை பெருகிப் பாதை சேறாகியிருக்கும் அந்நாட்களில் மேலே ஏறிச் சென்று பார்க்க வேண்டியவரும் கள ஊழியரே. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள கம்ப்யூட்டர்களை வேறோர் ஊரிலிருந்து பராமரிக்கும் ஏற்பாட்டிலும் விஷயம் இதுவேதான். மலை ஏற வேண்டியதில்லை என்பதொன்றே வித்தியாசம்.

கட்டளை எதுவரை சென்றது?

தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்பினால், அது நிறைவேறாத சமயங்களில் திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றும். இச்செய்திகளை எழுதுவோர் சொற்சிக்கனத்தில் வல்லவர்கள். எனினும் அவற்றை ஒழுங்காகப் படிப்பவருக்கு ஒரு பேருதவி உண்டு. கட்டளை தன் பயணத்தில் எந்தக் கட்டம்வரை சென்று நின்றது என்பதை ஒவ்வொரு செய்தியும் தெரிவிக்கிறது. தபாற்காரர் திருப்பிக் கொண்டுவரும் கடிதத்தின் மேல் எழுதியிருப்பதைப் பார்ப்பது போன்றது இது. "அப்படியொரு தெரு இல்லை" என்பதும், "வீடு பூட்டிக் கிடக்கிறது" என்பதும், "வாங்க மறுத்தார்" என்பதும் ஒன்றல்ல அல்லவா?

முதற்கட்டம் விலாசம். மனிதர் கம்ப்யூட்டருக்குப் பெயரிட்டு அழைக்கின்றனர். வலைப்பின்னலோ எண்ணால் அழைக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தருவதற்கெனத் தனியே ஒரு சர்வர் இருக்கிறது. "பெயர் கண்டறியப்படவில்லை" என்ற செய்தி வந்தால், கட்டளை இன்னும் வீட்டை விட்டே புறப்படவில்லை என்று அறிந்துகொள்ளலாம். மலைமேலுள்ள யந்திரத்தைச் சந்தேகிக்க இதில் இடமில்லை. பெயருக்குப் பதிலாக எண் விலாசத்தையே நேராகக் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் உண்மை விளங்கிவிடும்.

அடுத்து வரும் இரண்டு செய்திகளைப் பலர் ஒன்றாகக் கொள்கின்றனர். "நேரம் கடந்துவிட்டது" என்பது ஒன்று. "இணைப்பு மறுக்கப்பட்டது" என்பது மற்றொன்று. முதலாவதில் மறுமுனையிலிருந்து எவ்விதப் பதிலும் இல்லை. யந்திரம் அணைந்திருக்கலாம்; இடையில் வழி அறுந்திருக்கலாம்; அல்லது ஃபயர்வால் எனப்படும் காவல் புரோகிராம், வந்த செய்தியை வாய் திறவாமல் தூக்கி எறிந்திருக்கலாம். இரண்டாவதிலோ மறுமுனையிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. பெரும்பாலும் அது, "யந்திரம் விழித்திருக்கிறது, ஆனால் நீ தட்டிய கதவுக்குப் பின்னால் ஆளில்லை" என்ற பதிலே. ஆகையால் மறுப்பு வருவது நற்செய்தி. மின்சாரம் இருக்கிறது, வழி இருக்கிறது, கம்ப்யூட்டர் உயிருடன் இருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகின்றன. தேட வேண்டியது, அந்தக் கதவில் காத்திருக்க வேண்டிய புரோகிராம் ஓடுகிறதா என்பதைத்தான். கதவு என்று இங்கே கூறுவது போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாயிலை. எஸ்.எஸ்.எச். என்ற இணைப்பு முறைக்கு வழக்கமான வாயில் 22. விண்டோஸ் கம்ப்யூட்டரின் திரையைத் தொலைவிலிருந்து காணும் முறைக்கு 3389. பாதுகாப்புக் கருதி நிர்வாகிகள் இவ்வெண்களை மாற்றி வைப்பதும் உண்டு. மாற்றியதை எழுதி வைக்காமற்போவதும் உண்டு.

பிங் என்னும் சோதனைக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் கொண்டு யந்திரம் இறந்ததென முடிவு செய்யலாகாது. பிங்குக்குப் பதில் கூறாதே என்று கட்டளையிடப்பட்ட கம்ப்யூட்டர்கள் பல உள.

விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நிர்வகிப்போர் அடிக்கடி காணும் செய்தி, "ஆர்.பி.சி. சர்வர் கிடைக்கவில்லை" என்பது, 1722 என்ற எண்ணோடு வரும். இதன் காரணம் சற்று வேடிக்கையானது. இம்முறையில் கட்டளை முதலில் 135 என்ற வாயிலைத் தட்டுகிறது. அங்குள்ளவர், "நீ கேட்கும் சேவை இன்ன எண் வாயிலில் இருக்கிறது" என்று 49152-க்கு மேற்பட்ட ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புகிறார். அந்த எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபயர்வாலில் 135-ஐ மட்டும் திறந்துவைத்துவிட்டு, மேலுள்ள வாயில்களை மூடிவைத்தால், விசாரணைப் பகுதியில் வழி கேட்டறிந்தவர் மாடிப்படியில் தடுக்கப்பட்ட கதையாகும். "135 திறந்துதானே இருக்கிறது!" என்று நிர்வாகி வியப்பதில் பயனில்லை. பெயர் தவறாக வேறோர் எண்ணுக்கு மாற்றப்பட்டாலும், அந்தச் சேவையே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தாலும் இதே செய்தி வரும் என்பதால், முற்கூறிய விலாசச் சோதனையை முதலில் முடித்துவிடுவது நலம்.

வாயிலைக் கடந்தபின் "நீ யார்?" என்ற கேள்வி எழுகிறது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடப்படாத நிலையில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய அலுவலக வலைப்பின்னல்களில் வழங்கும் கெர்பரோஸ் என்ற அடையாள முறையில், இரு கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களுக்கிடையே ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேற்றுமை இருந்தால் அடையாளம் ஏற்கப்படுவதில்லை. வழக்கமான வரம்பு அதுவே. பழைய நுழைவுச் சீட்டைத் திருடி மறுபடி உபயோகிப்பவரைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பள்ளிகளில் இதைக் காட்டிலும் எளிய வடிவில் இதே நோயைக் காணலாம். நீண்ட விடுமுறை கழித்துத் திறக்கும் பழைய கம்ப்யூட்டரின் உட்பலகையிலுள்ள பொத்தான் அளவு பாட்டரி தீர்ந்துபோய், கடிகாரம் பல ஆண்டு பின்னே சென்றிருக்கும். அப்போது இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் தம் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கும். சான்றிதழில் குறையில்லை; அது இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டிருக்கிறது. சில ரூபாய் பாட்டரி ஒன்று இதனைத் தீர்க்கும்.

உள்ளே சென்ற பின்

உள்ளே நுழைந்தவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்பதில்லை. "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி வந்தால் வழி, வாயில், அடையாளம் மூன்றும் சரி என்று கொள்ளலாம். ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிர்வாகிகள் குழுவில் சேர்க்கப்பட்ட உள்ளூர்க் கணக்கு ஒன்றைக் கொண்டு, தனியாக இயங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் வலைப்பின்னல் வழியே செல்பவர், நேரில் உட்காரும்போது பெறும் முழு அதிகாரத்தைப் பெறுவதில்லை. திருட்டுப் புரோகிராம்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைத் தடுக்க, விஸ்டா பதிப்பிலிருந்து இவ்வாறு ஏற்பாடு செய்திருக்கின்றனர். "நான் நிர்வாகிதானே, ஏன் மறுக்கிறது?" என்ற கேள்விக்குப் பல சமயங்களில் இதுவே விடை.

கட்டளை நிறைவேறியது என்று செய்தி வந்தும் பயன் தெரியாத நிலை இதனினும் குழப்பமானது. பெரும்பாலான சாதனங்களில் ஒவ்வோர் அமைப்புக் குறிப்பும் இரண்டிடங்களில் வாழ்கிறது. ஒன்று, தகவல் கோப்பிலே எழுதிவைக்கப்பட்ட வடிவம். மற்றொன்று, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் தன் நினைவில் வைத்திருக்கும் வடிவம். கோப்பை மாற்றிவிட்டு, அதனை மீண்டும் படிக்குமாறு புரோகிராமுக்குச் சொல்லாவிட்டால் எதுவும் மாறாது. மாறாக, ஓடும் வடிவத்தை மட்டும் மாற்றிக் கோப்பில் பதியாமல் விட்டால், அடுத்த மின்தடையோடு மாறுதல் மறைந்துபோகும். "நேற்று மாலை சரியாக இருந்தது, இரவு இடி மின்னலுக்குப் பிறகு கெட்டுவிட்டது" என்று கூறப்படும் புகார்களில் இடியின் பேரில் குற்றமில்லாதவையும் பல உண்டு.

மாற்றிய குறிப்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. மைய அலுவலகத்திலிருந்து பல கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவான விதிகள் வகுக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் கம்ப்யூட்டர் அவ்விதிகளைச் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு முறை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில் கேட்டு நெரிசல் உண்டாகாதபடி அதனோடு அரைமணி வரை கூடுதல் இடைவெளியும் சேர்க்கப்படும். காலையில் செய்த திருத்தம் பகலுணவுக்குள் அழிந்தால், யந்திரத்தில் பேய் புகுந்ததாக எண்ண வேண்டாம். மேலிடத்து விதி அதனை அழித்திருக்கிறது. திருத்த வேண்டிய இடம் மேலிடமே.

பிழையென்று சொல்லாத பிழை

யந்திரம் எவ்விதச் செய்தியும் காட்டாமல் தவறாக இயங்கும் நிலையே ஆராய்ச்சிக்குப் பெருங்கேடு. இந்தியாவில் மழையளவு, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. சர்வதேச நேரப்படி அது 3.00 மணி. சர்வதேச நேரத்தில் ஓட வேண்டிய லாகரின் கடிகாரத்தை, நல்லெண்ணத்துடன் ஒருவர் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் பெறும் நிலையம் அதனைச் சர்வதேச நேரமென்றே கொள்ளும். எனவே ஒவ்வொரு மழைத்துளியும் ஐந்தரை மணி நேரம் தாமதமாகப் பெய்ததாகப் பதிவாகும். அதிகாலை 3.00 மணிக்கும் 8.30 மணிக்கும் இடையில் பெய்தது முழுவதும் மறுநாள் கணக்கில் ஏறிவிடும். பெரு வெள்ளம் வந்த நாளில் மழையில்லை என்றும், வடிந்த நாளில் மழை கொட்டிற்று என்றும் ஏட்டில் நிற்கும். மாதக் கூட்டுத்தொகை ஏறக்குறையச் சரியாகவே இருப்பதால் மேற்பார்வையிடுவோர் கண்ணில் படாமலும் போகலாம். பக்கத்து நிலையத்தின் மணிவாரிக் குறிப்போடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு செய்விக்கத்தக்க கணக்கு இது.

இவ்வாறு மறைந்து கிடந்து பின்னர் வெடித்த தவறு ஒன்று உண்டு. மார்ஸ் குளோபல் ஸர்வேயர் என்ற விண்கலம் 1996-இல் ஏவப்பட்டுச் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி வந்தது. அதன் இரு கம்ப்யூட்டர்களிலும் இருந்த குறிப்புகளில் சிறு வேற்றுமை காணப்பட, அதனைச் சரிசெய்ய 2006 ஜூனில் ஒரு கட்டளை அனுப்பினர். அது நினைவகத்தில் தவறான விலாசத்தில் எழுதப்பட்டது. அன்று ஒன்றும் நேரவில்லை. ஐந்து மாதம் கலம் எப்போதும்போல் வேலை செய்தது. நவம்பர் 2-ஆம் தேதி, சூரியத் தகடுகளைச் சற்றே திருப்புமாறு வழக்கமான கட்டளை ஒன்று போயிற்று. தகடு சிக்கிக்கொண்டதென்று கலம் தவறாக முடிவு செய்து, தற்காப்பு நிலைக்குச் சென்றது. அந்நிலையில் பாட்டரிகளில் ஒன்று நேர் வெயிலில் பட்டுச் சூடேறியது. சூட்டைக் கண்ட கம்ப்யூட்டர், மின்னேற்றம் மிகுந்துவிட்டதென்று கருதி அதனைக் குறைத்தது. ஏறக்குறைய அரைநாளில் பாட்டரிகள் வெறுமையாயின. இவ்வளவையும் பூமிக்குத் தெரிவிக்க வேண்டிய ஆண்டெனாவின் குறிப்பும் அதே ஜூன் மாதக் கட்டளையால் கெட்டிருந்தது. ஆதலால் கலம் பூமியை நோக்கிப் பேசவே இல்லை. ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டர் தனக்கிட்ட விதியைச் சரியாகவே பின்பற்றியது என்பது இதில் வருந்தத் தக்க விஷயம்.

அமர்ந்த கிளையை வெட்டுதல்

மழைமானி நிலையத்தின் மோடத்தில் ஏ.பி.என். என்ற ஒரு குறிப்பு உண்டு. செல்போன் கம்பெனியின் எந்த வாயில் வழியாக இணையத்தை அடைவது என்பதை அது சொல்கிறது. ஸிம் கார்டுகளை வேறு கம்பெனிக்கு மாற்ற நேரும்போது, தலைநகரிலிருந்தே இக்குறிப்பை மாற்ற முயல்வோர் உள்ளனர். ஓர் எழுத்து பிசகினாலும், எழுத்து சரியாக இருந்து ஸிம் கார்டு இன்னும் பழையதாக இருந்தாலும், அந்த நிமிஷமே நிலையம் மௌனமாகிவிடும். பிழையைத் திருத்தும் கட்டளை செல்ல வேண்டிய வழி, பிழையாலேயே அடைபட்டது. ஃபயர்வாலில், "அனைத்தையும் தடு" என்ற விதியை முதலிலும், "என்னை மட்டும் விடு" என்ற விதியைப் பின்னரும் எழுதுபவர் அடையும் கதியும் இதுவே. இரண்டாவது விதியை அவர் எழுதவே முடிவதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் கம்பெனியின் சேவைகள் அனைத்தும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. அக்கம்பெனியே வெளியிட்ட விளக்கத்தின்படி, தன் தகவல் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலைப்பின்னலின் கொள்ளளவை மதிப்பிடுவதற்கென்று, வழக்கமான பராமரிப்பின்போது ஒரு கட்டளை இடப்பட்டது. அது எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைச் சோதித்துத் தடுப்பதற்கெனவே ஒரு புரோகிராம் இருந்தது; அப்புரோகிராமிலும் ஒரு பிழை இருந்ததால் தடுக்கவில்லை. தகவல் நிலையங்களோடு பேச இயலாத பெயர்ச் சர்வர்கள், தம்மிடம் ஏதோ கோளாறு என்று கொண்டு, தம் இருப்பை இணையத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. கோளாற்றை ஆராயும் கருவிகளும் அதே வலைப்பின்னலையும் பெயர்களையும் நம்பியிருந்தமையால் அவையும் உதவவில்லை. முடிவில் பொறியியலாரை நேரில் கட்டிடங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கேயோ, அந்நியர் புகாதபடி செய்திருந்த காவல் ஏற்பாடுகள் சொந்த ஆட்களையும் தாமதப்படுத்தின.

திரும்பி வரும் வழி

விண்டோஸ் கம்ப்யூட்டரில் திரையின் அளவை மாற்றியவர், "இம்மாறுதலை வைத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வியைக் கண்டிருப்பார். சில விநாடிகளுக்குள் ஆம் என்று சொல்லாவிட்டால் பழைய அளவு தானே திரும்பி வரும். திரை இருண்டுபோனவர் ஆம் என்று சொல்ல முடியாது. சொல்லாமையே யந்திரத்துக்கு விடையாகிறது. இதே யோசனையை ஜூனிப்பர் கம்பெனியின் வலைப்பின்னல் சாதனங்களில் காணலாம். தற்காலிகமாக ஏற்குமாறு இட்ட மாறுதலை, பத்து நிமிஷத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் சாதனம் தானே பழைய அமைப்புக்குத் திரும்பும். இவ்வசதி இல்லாத கம்ப்யூட்டர்களில் நிர்வாகி தாமே இதனை உண்டாக்கிக்கொள்ளலாம். மாறுதல் செய்யுமுன், பத்து நிமிஷம் கழித்துப் பழைய கோப்பை மீண்டும் வைத்துச் சேவையை மறுபடி தொடங்குமாறு கால அட்டவணையில் ஒரு கட்டளையை எழுதிவிடுகிறார். பிறகு மாறுதலைச் செய்கிறார். எல்லாம் நலமாயின் அந்தக் காத்திருக்கும் கட்டளையை ரத்து செய்கிறார். உள்ளே வர முடியாமற்போனால் ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டு வந்து பார்த்தால் போதும்.

எஸ்.எஸ்.எச். சேவையின் அமைப்பை மாற்றுவோர் கைக்கொள்ளும் மற்றொரு வழக்கமும் நல்லது. புதிய கோப்பில் எழுத்துப் பிழை உண்டா என்று சோதிக்கும் வசதி அதிலேயே உண்டு. அதனை முதலில் உபயோகிக்க வேண்டும். சேவையை மறுபடி தொடங்கிய பின்பும், ஏற்கெனவே உள்ள இணைப்பு அறுவதில்லை. அதனை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது இணைப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து பார்க்க வேண்டும். அது திறந்தால்தான் முதலாவதை மூடலாம்.

மாறுதலுக்கு முந்திய அமைப்பின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பதன் பயனுக்கு, 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 விண்கலம் உதாரணமாகும். 2023 நவம்பரில் அது பொருளற்ற தகவலை அனுப்பத் தொடங்கிற்று. 2024 மார்ச்சில், கோளாறுள்ள கம்ப்யூட்டரின் நினைவகம் முழுவதையும் ஒப்பிக்கச் செய்து, கோளாறுக்கு முன் வந்த பிரதியோடு ஒப்பிட்டனர். நினைவகத்தில் சுமார் மூன்று சதவீதம் கெட்டிருந்தது. ஒரு சில்லே காரணம் என்று தெரிந்தது. அங்கிருந்த கட்டளைகளை வேறிடத்துக்கு மாற்ற முனைந்தபோது, அவ்வளவையும் ஒருங்கே கொள்ளும் காலியிடம் இல்லை. ஆகவே துண்டு துண்டாக்கிப் பல இடங்களில் வைத்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளுமாறு விலாசங்களைத் திருத்தினர். முதல் திருத்தம் ஏப்ரல் 18-ஆம் தேதி அனுப்பப்பட்டது. போக இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அவ்வளவு நேரம். ஏப்ரல் 20-ஆம் தேதி கலம் தன் உடல்நிலையைச் சரியாகத் தெரிவித்தது.

குறைந்த வசதிகளோடு விழித்தெழும் வழியொன்றை யந்திரத்துக்கு முன்னதாகவே கற்பித்து வைப்பதும் உண்டு. 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட் என்ற ஊர்தி, 21-ஆம் தேதி திடீரெனப் பேச்சு குழறியது. அறுபது தடவைக்கு மேல் அதன் கம்ப்யூட்டர் தானே நின்று நின்று தொடங்கியது. இரவிலும் உறங்காமல் பாட்டரியைக் கரைத்தது. பிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் மிகுதியாகச் சேர்ந்துவிட, அவற்றின் பட்டியலை ஏற்றுவதற்கே வேலை நினைவகத்தில் இடம் போதவில்லை என்பது பின்னர் தெரிந்தது. பிளாஷைத் தொடாமலே தொடங்கு என்ற கட்டளையை அனுப்பினர். ஊர்தி அமைதியாக எழுந்தது. பிறகு வேண்டாத கோப்புகளை அழித்தனர். பூமியிலுள்ள சர்வர்களிலும் வட்டு நிறைந்துபோன நிலையில் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தப் போய், அது வெறுங்கோப்பாகப் பதிந்துவிடுவது உண்டு. ஆகவே திருத்துமுன் காலியிடம் எவ்வளவு என்று பார்ப்பது ஒரு நொடி வேலையாயினும் செய்யத் தக்கது.

வாயேஜர்-1-இன் துணைக்கலமான வாயேஜர்-2 இப்பட்டியலில் கடைசியாக நிற்கிறது. 2023 ஜூலை 21-ஆம் தேதி அதற்கு அனுப்பிய கட்டளைத் தொடர் ஒன்று, யாரும் எண்ணாதபடி ஆண்டெனாவைப் பூமியிலிருந்து இரண்டு டிகிரி அப்பால் திருப்பிவிட்டது. கலம் இருந்த தொலைவு ஏறக்குறைய 1,990 கோடி கிலோமீட்டர். அத்தொலைவில் இரண்டு டிகிரி என்பது பேச்சு முழுவதும் அற்றுப்போகப் போதுமானது. வைக்கிங்குக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது எனலாம். ஆனால் ஒரு வேற்றுமை இருந்தது. ஆண்டுக்குச் சில முறை, யாரும் கேட்காமலே தன் திசையைச் சரிபார்த்துப் பூமியை நோக்கித் திரும்பிக்கொள்ளும்படி வாயேஜருக்கு முன்னரே கட்டளை எழுதப்பட்டிருந்தது. அடுத்த முறை அக்டோபர் 15-ஆம் தேதி. ஆகவே கலம் தொலைந்ததென்று எவரும் சொல்லவில்லை. காத்திருப்பதென்று முடிவு செய்தனர். இடையே ஆகஸ்டு முதல் தேதி அதன் மெல்லிய நாடித்துடிப்பு போன்ற அலை மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கருகிலுள்ள நிலையத்திலிருந்து, மிகுந்த வலுவுடன் ஒரு கட்டளையை உரக்கக் கூவுவது போல் அனுப்பினர். கலத்தை அது அடையப் பதினெட்டரை மணி. பதில் திரும்பப் பதினெட்டரை மணி. ஆகஸ்டு 4-ஆம் தேதி தகவல் வரத் தொடங்கிற்று. அக்டோபர் 15 வர அப்போது இன்னும் பத்து வாரம் இருந்தது.